பூச்சிமருந்தடிப்போர் முதலுதவிப் பெட்டி: உப்பை எடுத்து வெளியே போடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கடையொன்றில் செம்பனைத் தோட்டங்களுக்காக விற்கும் பெட்டி இது. நைட்ரைல் கையுறை தரமானது, முழங்கை வரை வருகிறது. கண் கழுவ 500 மில்லி புட்டி மட்டுமே. 15 நிமிடம் கழுவ இது எந்த மூலைக்கு? குழாய்த் தண்ணீர் பக்கத்திலேயே வேண்டும்.

வாந்தி எடுக்கவைக்க உப்புப் பொட்டலமும் வைத்திருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! பூச்சிமருந்திலுள்ள எண்ணெய்க் கரைப்பான் நுரையீரலில் இறங்கிவிடும். நனைந்த சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து 999ஐ அழையுங்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் வழிந்தால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்று சந்தேகிக்கலாம். அதற்கான முறிமருந்து அட்ரோபின் போடுவது மருத்துவக் குழுவின் வேலை. பாராகுவாட் களைக்கொல்லி 2020இல் தடையானது, பழைய கேன் கொட்டகையில் கிடக்கலாம். அதைக் குடித்தவருக்கு ரத்த ஆக்சிஜன் இறங்காதவரை ஆக்சிஜன் கொடுக்கக்கூடாது, நச்சு கூடும்.

மருந்து லேபிளைப் போட்டு அனுப்பத் தனி உறை இருக்கிறது. அருமையான யோசனை.