ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு பேர் கேம் ஆடினா சேவ் எப்படி பிரிக்கறது? நாலு வழியும் போட்டுப் பாத்தாச்சு

எங்க வீட்ல கம்ப்யூட்டர் ஒண்ணுதான், ஆடறது நானும் தம்பியும். நாப்பது மணி நேரம் ஆடி வெச்சிருந்த என் ஆட்டத்த அவன் ஒரு நாள் "கன்டினியூ" அமுக்கி திறந்துட்டான், அது என்னோடதுன்னு அவனுக்குத் தெரியாது, கொஞ்ச தூரம் நடந்ததும் திரை ஓரத்துல அந்த குட்டி சக்கரம் சுத்திச்சு, கேம் தானாவே பதிவு பண்ணிக்கற ஆட்டோசேவ் விழுந்துடுச்சு, நான் கடைசி சண்டைக்குன்னு பாத்து பாத்து சேத்த மருந்தெல்லாம் அவன் குடிச்சு தீத்த நிலைலயே பதிவாயிடுச்சு. அந்த கேம்ல ஒரே ஒரு ஆட்டோசேவ்தான், பழசுக்கு திரும்ப வழியே இல்ல. அழுகையே வந்துடுச்சு, ஆனா அவன் மேல கோபப்படவும் முடியல.

முதல் வழி, கேமுக்குள்ளயே இருக்கற ஸ்லாட், அதாவது ஒவ்வொரு ஆட்டத்தையும் தனித்தனியா சேவ் பண்ணி வைக்கற இடம். ஹாலோ நைட்ல 4 ஸ்லாட் இருக்கு, ஸ்டார்டியூ வேலில ஆளுக்கொரு பண்ணை பேரோட தனியா நிக்கும், இந்த மாதிரி கேமுக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு பேசி வெச்சிக்கிட்டா ஓரளவு ஓடும். ஆனா நிறைய கேம்ல கன்டினியூ பட்டன் யார் கடைசியா சேவ் பண்ணாங்களோ அவங்க ஆட்டத்தத்தான் திறக்கும், மவுஸ் வேகம், கீ செட்டிங் எல்லாம் பெரும்பாலும் பொதுவா கிடக்கும், கேம்ல எதாவது சாதிச்சா கிடைக்கற அச்சீவ்மெண்ட் மொத்தமும் ஒருத்தர் பேர்ல போகும். அண்டர்டேல்ல சேவே ஒண்ணுதான், அதுலயும் முன்னாடி ஆடினவங்க செஞ்சத கேம் ஞாபகம் வெச்சிக்கும், அதுல ரெண்டு பேர் கலந்தா கதையே கெட்டுடும். சின்னப் பசங்க இருக்கற வீட்டுக்கு இத மட்டும் நம்பாதீங்க.

ரெண்டாவது, விண்டோஸ்ல ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஏன்னா முக்கால்வாசி கேம் சேவ வைக்கறது அந்தந்த யூசரோட ஃபோல்டர்லதான், ஸ்டார்டியூ ஆப்டேட்டா ரோமிங்ல, ஹாலோ நைட் லோக்கல்லோவுல, ஸ்கைரிம் டாக்குமெண்ட்ஸ்ல மை கேம்ஸ்க்குள்ள. யூசர் மாறினா ஃபோல்டரும் மாறிடும், யாரும் எதையும் ஞாபகம் வெச்சிக்க வேண்டாம், கேம ரெண்டு தடவ இன்ஸ்டால் பண்ணவும் வேண்டாம், ஜிஓஜிங்கற ஆன்லைன் கடைல வாங்கின, டிஆர்எம் (காப்பி தடுக்கற பூட்டு) இல்லாத கேமுக்கும் இதே போதும். ஒண்ணு கவனிங்க, ஆடி முடிச்சா ஸ்விட்ச் யூசர் குடுக்காம சைன் அவுட் பண்ணுங்க, இல்லன்னா முதல் ஆளோட கேம் பின்னாடி ஓடிக்கிட்டு ரேம தின்னும், கேம் வாங்கி ஆடற ஸ்டீம் ஆப்பும் அங்க திறந்தே இருந்தா அடுத்தவருக்கு மக்கர் பண்ணும். சில பழைய கேம் சேவ இன்ஸ்டால் ஆன ஃபோல்டர்லயே எழுதும், அங்க இந்த வழி உதவாது.

பெரிய பொறி எங்கன்னா, விண்டோஸ் யூசர் ரெண்டா இருந்து ஸ்டீம் அக்கவுண்ட் ஒண்ணா இருந்தா. கிளவுட் சேவ், அதாவது ஸ்டீம் தன்னோட சர்வர்ல ஏத்தி வைக்கற சேவ் பிரதி, பாக்கறது ஸ்டீம் அக்கவுண்ட்டத்தான், அதனால நான் ஆடினது கிளவுடுக்கு ஏறி தம்பியோட யூசர்ல வந்து இறங்கும், இல்ல எந்த சேவ வெச்சிக்கறதுன்னு ஒரு பெட்டி வந்து கேக்கும், அவசரத்துல தப்பா அமுக்கினா ஒருத்தரோடது போச்சு. ஒரே ஸ்டீம்தான்னா கேமோட ப்ராப்பர்டீஸ்ல போய் கிளவுட நிறுத்திடுங்க, ரெண்டு யூசர்லயும் நிறுத்திருக்கான்னு பாத்துக்கோங்க.

மூணாவது, ஸ்டீம் அக்கவுண்ட்டே தனித்தனியா. எல்டன் ரிங் மாதிரி கேம் ஸ்டீமோட 17 இலக்க ஐடி பேர்லயே ஃபோல்டர் போட்டு சேவ் வைக்கும், அங்க இது கச்சிதம். ஆனா ஸ்டார்டியூ அந்த ஐடிய பாக்கறதே இல்ல, விண்டோஸ் யூசர் ஒண்ணா இருந்தா ஸ்டீம மாத்தினாலும் பழைய பண்ணை அப்படியே தெரியும், நிறைய பேர் ஏமாறது இங்கதான். கேம திரும்ப வாங்கணுமோன்னு பயப்பட வேண்டாம், 2024 செப்டம்பர்ல முழுசா வந்த ஸ்டீம் ஃபேமிலிஸ்ல 6 பேர் வரைக்கும் சேரலாம், பகிர அனுமதி இருக்கற கேம எல்லாரும் ஆடலாம், சேவும் அச்சீவ்மெண்ட்டும் அவங்கவங்களுக்கு. ஒரு பிரதி இருந்தா ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அத ஆட முடியும், கம்ப்யூட்டரே ஒண்ணுங்கறப்ப அது பிரச்னையே இல்ல. ஆனா உங்க கேம்ல தம்பி சீட் பண்ணி, அதாவது ஏமாத்தி ஆடி, தடை வாங்கினா உங்களுக்கும் சேத்து அந்த கேம்ல தடை விழும், இத முதல்லயே உக்கார வெச்சு சொல்லிடுங்க.

கடைசி வழி, ஃபோல்டர கையால காப்பி பண்ணி மாத்தறது. ஒரு மாசம் செஞ்சேன், ஒரு நாள் மறந்தேன், அன்னிக்கே அவனோடது மேல என்னோடது ஏறிடுச்சு. பேக்கப்புக்கு மட்டும் இது நல்லது, லூடுசாவின்னு இலவச டூல் இருக்கு, எந்த கேமோட சேவ் எங்க இருக்குன்னு அதுவே தேடி எடுத்து வெக்கும், வாரம் ஒரு தடவ ஓட்டறேன்.

இப்ப நாங்க வெச்சிருக்கறது தனி விண்டோஸ் யூசர், அதுக்குள்ள தனி ஸ்டீம், ரெண்டையும் ஃபேமிலிஸ்ல சேத்தது. செட் பண்ண அரை மணி நேரம் ஆச்சு. முடிச்சதும் அவன் யூசர்ல அதே கேம திறந்து பாத்தோம், கன்டினியூ மங்கலா கிடந்துச்சு, நியூ கேம் மட்டும்தான் அமுக்க முடிஞ்சுது. நீங்களும் அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டு அப்புறம் ஆட விடுங்க.