பத்தாங் பெர்ஜுந்தை மோட்டார் பட்டறை: மிச்ச ஆயிலையும் கையில் கொடுக்கிறார்

கடைச் சுவரில் பைபிள் வசனம் தொங்கினாலும் சாமி படம் தொங்கினாலும் எனக்கு ஒன்றுதான். பில்லைக் காட்டு என்பேன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகக் காலம் தள்ளியவனுக்கு வேறு எப்படிப் பார்க்க வரும்? முன்பு வேறொரு பட்டணத்தில், வாசலிலேயே பெரிய எழுத்தில் வசனம் ஒட்டியிருந்த பட்டறை ஒன்றில் புதுச் செயின் போட்டதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய செயினைத்தான் டீசலில் குளிப்பாட்டி மாட்டியிருந்தார்கள்.

நான் எழுத வந்தது அந்தக் கடையைப் பற்றி இல்லை. எங்கள் ஊர் மோட்டார் சைக்கிள் பட்டறையைப் பற்றி. மலேசியாவில் சிலாங்கூரில் இருக்கிற இந்த ஊர் பெயர் இப்போது பெஸ்தாரி ஜெயா, ஆனால் பழைய ஆட்கள் வாயில் பத்தாங் பெர்ஜுந்தைதான் வரும். 1917ல் நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை (பாமாயில் மரம்) நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதனால் பட்டறைக்கு வரும் மோட்டார்களில் பாதி தோட்டத்து மோட்டார்கள். மட்கார்ட் நிறைய செம்மண், பக்கவாட்டில் குலை வெட்டும் அரிவாளும் நீளக் கம்பும் கட்டியிருக்கும். நகரத்து மோட்டாருக்குப் பார்க்கிற மாதிரி இவற்றுக்குப் பார்த்தால் ஒரு மாதம் தாங்காது.

வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகைதான் கடை. பலகையில் 'மோட்டார்' என்பதைத் தவிர ஒன்றும் கிடையாது. நடத்துகிறவருக்கு நாற்பது வயது இருக்கும். நான் தம்பி என்பேன், அவர் அங்கிள் என்பார்.

என்னுடையது ஹோண்டா இஎக்ஸ்5. ஆயில் மாற்றினால் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் முன்பின்தான் பிடிக்கும். ஒரு லிட்டர் போத்தலுக்குக் காசு வாங்கிக்கொண்டு மிச்சம் எங்கே போகிறது என்று யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இந்தத் தம்பி அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, போத்தலை மூடி, மேலே மார்க்கர் பேனாவால் என் வண்டி நம்பரை எழுதிக் கையில் கொடுத்தார். "அடுத்த தடவ கொண்டு வாங்க, நாலு தடவைக்கு ஒரு போத்தல் மிச்சமாகும்" என்றார். கிட்டத்தட்ட கணக்கும் சரிதான். நானே போட்டுப் பார்த்தேன், கிராணி புத்தி.

ஆயிலை வடித்துவிட்டு போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது அதன் வாஷரைப் புதிதாகப் போடுகிறார். சில காசு சாமான். போடாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது, மெதுவாகக் கசியும். பின்சக்கரத்தைக் கழற்றினால் நட் கழலாமல் பிடிக்கும் கொட்டர் பின்னும் அப்படித்தான், வளைந்ததை நிமிர்த்தித் திரும்பச் செருகுவதில்லை. கழற்றிய பழைய சாமானெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் ஹேண்டிலில் தொங்கும். பிரேக் ஷூவுக்கு ஒரிஜினல் என்ன விலை, லோக்கல் என்ன விலை என்று இரண்டையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். பழைய ஆயில் சட்டப்படி அட்டவணைக் கழிவு, அதாவது கண்ட இடத்தில் கொட்டக்கூடாத ஆபத்தான கழிவு. அதன் குறியீடு எஸ்டபிள்யூ 305. தோட்டத்தில் அதற்கு ஏடு எழுதியவன் நான். இங்கே அது சாக்கடைக்குப் போவதில்லை, மூடி போட்ட டின்னில் நிற்கிறது.

இந்தக் கடையிலும் பைபிள் வசனம் இருப்பது எனக்குத் தெரியவே நாளானது. வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சிலிருந்து அது கண்ணில் படாது. ஒரு நாள் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க உள்ளே போனபோதுதான் பார்த்தேன், சாவிகள் மாட்டும் பலகைக்கு மேலே, வேலை செய்கிறவன் தலை நிமிர்ந்தால் தெரியும்படி மாட்டியிருந்தது. கொலோசெயர் 3:23. எதைச் செய்தாலும் மனுஷனுக்கு என்று இல்லாமல் கடவுளுக்கு என்றே மனதாரச் செய் என்கிற பொருள். நான் முருகன் கோயிலுக்குப் போகிறவன், ஆனாலும் எழுத்தைப் பார்த்தால் முன்னே பின்னே படித்துவிடுவேன். அவருடைய பைபிளையே வாங்கிப் பார்த்தேன். அதற்கு முந்தின வசனத்தில், எஜமான் கண்ணுக்குத் தெரிகிற வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்யாதே என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் அதைச் சொன்னது ரோமாபுரி காலத்து அடிமைகளைப் பார்த்து. எனக்குச் சுருக்கென்றது.

"தம்பி, தோட்டத்துத் தொரைக்கு இதைவிட வசதியான வசனம் கிடைக்காதே. சம்பளம் கேக்காத, சாமிக்குன்னு நெனச்சு வெட்டுன்னு சொல்லிடலாமே?"

அவர் கோபப்படவில்லை. "அடுத்த அதிகாரத்துல மொத வசனத்தையும் படிங்க அங்கிள்" என்றார். எஜமான்களே, வேலைக்காரருக்கு நியாயமானதைக் கொடுங்கள், உங்களுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார் என்று போட்டிருந்தது. "இங்க மொதலாளி நான்தானே. மேல மாட்டியிருக்கிற வசனம் என் கைக்கு, இது என் கல்லாவுக்கு."

பேச்சு யாருக்கும் வரும் என்று விட்டுவிட்டு, அவரிடம் வேலை பார்க்கும் பையனைத் தனியாகக் கேட்டேன். தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை, ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சை முடித்தவன். சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 ஆனது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் வரை அவகாசம் இருந்தது. இவரிடம் இருப்பது இந்த ஒரு பையன்தான், ஆனாலும் பிப்ரவரியிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டாராம். இபிஎஃப் என்கிற சேமநிதிக்கு 13 விழுக்காடு முதலாளி பங்கும் மாதாமாதம் ஏறுகிறது. பையன் கைப்பேசியில் காட்டினான், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் பார்த்தேன். சின்னப் பட்டறைகளில் கையில் காசை அமுக்கி அனுப்பிவிடுவதை நிறையப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், வசனத்தைவிட எனக்கு இந்தப் பட்டியல்தான் பிடித்தது.

இன்னொன்று. அவருடைய சபை ஆள் ஒருவர் வந்து, "ஊழியம்னு நெனச்சு சும்மா செஞ்சு குடுங்களேன்" என்று கேட்டதை நானே கேட்டேன். "பவுலே கூடாரம் தச்சுதான் சாப்பிட்டாரு பிரதர்" என்று சிரித்துக்கொண்டே முழு பில்லையும் நீட்டினார். எனக்குப் போட்ட அதே விலை.

குறைகள் உண்டு. ஆமை வேகம். ஒரு மோட்டாரை முடிக்காமல் அடுத்ததில் கை வைக்க மாட்டார், காலையில் விட்டால் சாயந்திரம்தான் கிடைக்கும். கையில் கிரீஸ் இருந்தால் போன் எடுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போய்விடுவதால் கடை முழு நாளும் அடைப்பு. தோட்டத்து ஆட்களுக்கு அன்றைக்குத்தான் ஓய்வு, வேறு என்றைக்கு வண்டியைக் கொண்டு வருவார்கள்? இதைப் பல பேர் சொல்லிவிட்டார்கள், அவர் மசியவில்லை. அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை இருட்டும் வரை திறந்திருக்கிறார். மத்தியானத்தில் ஓடும் பிரசங்க ஒலிப்பதிவின் சத்தம்தான் எனக்குத் தாங்காது. குறைக்கச் சொன்னால் குறைப்பார், கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

செயின், பிரேக் மாதிரி பெரிய வேலை என்றால் காலையில் பசியாறிவிட்டு எட்டரைக்குள் போய் விட்டுவிடுங்கள். போத்தல் மிச்சம் வீட்டில் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் புதுசுக்குக் காசு கொடுக்க வேண்டியதுதான்.