வேலூருக்கு மாற்றலாகி வரும் நீதிபதி: குவார்ட்டர்ஸா, வாடகை வீடா, சென்னை ரயிலா?

ஏப்ரல், மே வந்தாலே கோர்ட் வட்டாரத்தில் மாற்றல் பேச்சுதான். திருநெல்வேலிக்காரர் இங்கே வருவார், வேலூர்க்காரர் தெற்கே எங்கோ போவார். ஆர்டர் வந்த அன்றே வீட்டுப் பிரச்சினை ஆரம்பம்.

வீடு கேட்பது சலுகை கேட்பதல்ல. ஒவ்வொரு நீதித்துறை அலுவலருக்கும் குடியிருப்பு தர வேண்டும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதி வெங்கடராம ரெட்டி தலைமையிலான இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் கமிஷன் பரிந்துரைத்த படிகளை அதே நீதிமன்றத்தின் 2024 ஜனவரித் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதன்படி மாவட்ட நீதிபதியின் குவார்ட்டர்ஸ் 2,500 சதுர அடி, சிவில் நீதிபதியுடையது 2,000. பொறுப்பேற்று ஒரு மாதத்தில் கிடைக்காவிட்டால் வெளியே வீடு பார்த்துக்கொள்ளலாம். வாடகைப்படிக்கு மேல் ஆகிற தொகையை, வாடகை நியாயமானதுதானா என்று பார்த்துவிட்டு அரசு கொடுக்கும்.

காகிதத்தில் குவார்ட்டர்ஸும் வாடகை வீடும் ஏறக்குறைய சமம். ஆனால் ஒரு மாஜிஸ்திரேட் சத்துவாச்சாரியில் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார், மாடியில் வீட்டுக்காரர் என்று வையுங்கள். ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு ரிமாண்டுக்காக, அதாவது கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவு கேட்டு, போலீஸ் ஜீப் வரும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தியாக வேண்டும். லீவு நாளில் அவர் வீடுதான் கோர்ட். இரண்டு காவலர்கள், கைதி, மெடிக்கல் சர்டிபிகேட்டோடு ஒரு கட்டு காகிதம், பின்னாலேயே வக்கீல், அழுதுகொண்டு கைதியின் அம்மா. இத்தனை பேரும் எங்கே நிற்பது? வீட்டுக்காரர் கார் நிற்கிற போர்ட்டிகோவில்தான். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஜட்ஜ் ஆயிற்றே. ஆனால் அடுத்த மாதம் 'பையனுக்குக் கல்யாணம், வீடு தேவைப்படுது' என்பார்.

குவார்ட்டர்ஸில் ஆபீஸ் அறைக்குத் தனி வாசல் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சுவர் ஒழுகலாம், பொதுப்பணித்துறைக்குக் கடிதம் எழுதியே கை வலிக்கலாம். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். இன்னொரு காரணம், சொத்து வழக்கு எதுவும் இல்லாத வீட்டுக்காரரை நம் ஊரில் தேடிப் பிடிப்பதே ஒரு உத்தியோகம்! இன்று வாடகை வாங்குகிறவர் நாளைக்கு வாதியாக எதிரே நின்றால் தர்மசங்கடம்தான். போதாததற்கு, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலத்தாரும் வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களும் இருப்பதால், போர்ஷனை ரூம் ரூமாகப் பிரித்து விடத்தான் பலருக்கும் ஆசை. குடும்பத்துக்கு ஏற்ற வீடு காந்தி நகரிலும் சுலபமாக அமையாது. அமைந்தாலும் அட்வான்ஸ் தனி. வாடகைப்படியில் அதற்கு இடமில்லை.

வேலூர் வெயிலுக்கு ஏ.சி. இல்லாமல் முடியாது. கரண்ட், தண்ணீர்க் கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். மின்சாரத்தில் சிவில் நீதிபதிக்கு ஆண்டுக்கு 6,000 யூனிட் வரை, மாவட்ட நீதிபதிக்கு 8,000.

சரி, சென்னையில் சொந்த வீடு இருக்கிறது, காட்பாடிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தானே என்கிறவர்களும் உண்டு. முதலில், நீதிபதி தலைமையிடத்திலேயே, அதாவது கோர்ட் இருக்கிற ஊரிலேயே, தங்க வேண்டும்; வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். அதை விட்டாலும், காட்பாடியில் இறங்கி, கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டி, சத்துவாச்சாரி கோர்ட்டில் பத்தரைக்கு பெஞ்சில் உட்கார வேண்டும். தீர்ப்பு எழுதுவது ராத்திரியில்தான். வழக்குக் கட்டுகளை ரயிலில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

மனைவிக்கோ கணவருக்கோ சென்னையில் வேலை, பிள்ளை பிளஸ் டூ என்றால் குடும்பம் அங்கேயே இருக்கட்டும். நீதிபதி மட்டும் குவார்ட்டர்ஸை வாங்கிக்கொண்டு, அனுமதி கிடைக்கிற சனி ஞாயிறில் போய் வரட்டும். ரிமாண்டு டியூட்டி இல்லாத வாரமாகப் பார்த்து.