பழைய ஏர்ஃபிக்ஸ் விமானங்களோடு ஒன்பது வருடம்

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு மைதானத்தில் கார் டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்பார்கள். 2016இல் வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் அப்படி ஓர் இடத்துக்கு மகளுக்குச் சைக்கிள் தேடிப் போய், மூன்று பவுண்டுக்கு ஒரு செருப்புப் பெட்டியோடு திரும்பினேன். உள்ளே ஏழு பிளாஸ்டிக் விமானங்கள். ஒன்றுக்கு வால் இல்லை, இன்னொன்றுக்குச் சக்கரம் இல்லை, எல்லாவற்றின் மேலும் தூரிகைத் தடம் தெரியத் தெரியப் பெயின்ட். யாரோ ஒரு பையன் ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒட்டியது.

அந்த ஏழில் ஆறு முடிந்துவிட்டன. அதற்கப்புறம் வாங்கியதையும் சேர்த்தால் இருபதைத் தாண்டும். ஏழாவதுதான் இன்னும் மேசைமேல் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஏர்ஃபிக்ஸ் 1939இல் நிக்கலஸ் கோவ் என்பவர் தொடங்கிய கம்பெனி. முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மை, பிறகு சீப்பு என்று போய், 1952இல் கோல்டன் ஹைண்ட் என்ற பழைய பாய்மரக் கப்பலின் கிட்டை, அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் துண்டுகளை, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வுல்வொர்த் கடைகளில் விற்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு வந்த விமானங்களில் பெரும்பாலானவை 1/72 அளவு. நிஜத்தில் ஆறு அடி இருந்தால் கிட்டில் ஓர் அங்குலம். 1981இல் கம்பெனி நொடித்தது, கை மாறிக் கை மாறி 2006இல் ஹார்ன்பியிடம் வந்தது. உரிமையாளர்கள் மாறினாலும் பழைய எஃகு அச்சுகள் பல வருடம் உழைத்தன. அதனால் 1960களின் விமானம் 1990களின் பெட்டியிலும் கிடைக்கும். பெட்டியில் இருக்கும் வருடத்தைப் பார்த்து ஏமாந்து வாங்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை பிரிப்பது. இதற்கு நான் கண்ட ஒரே நல்ல கருவி ஃப்ரீசர். அந்தக் காலத்து ட்யூப் பசை பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும். ஆனால் கெட்டியாகப் பிதுக்கிய இடத்தில் பாதி பசையாகவே காய்ந்து கிடக்கும். ஒரு ராத்திரி குளிரில் வைத்தால் அந்தப் பசை விறைத்துப்போகும், காலையில் கட்டைவிரலால் லேசாக நெருடினால் 'டிக்' என்று விட்டுவிடும். தண்ணீர் போல ஓடும் இன்றைய மெல்லிய பசையால் ஒட்டியிருந்தால் இந்தப் பாச்சா பலிக்காது. அது இரண்டு துண்டையும் ஒன்றாகவே உருக்கிவிடும், ரம்பம்தான் வழி. முதல் தடவை என் மனைவி ஃப்ரீசரைத் திறந்துவிட்டு, "ஏனுங்க, மீன் வெக்கிற எடத்துல ஏரோப்ளேனா?" என்றாள். இப்போது தனியாக ஒரு டப்பா இருக்கிறது, மூடியில் 'அப்பா' என்று மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

இரண்டாவது, பெயின்ட் எடுப்பது. இதில்தான் என் முதல் வருடம் வீணானது. தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் பெயின்ட் என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். பழைய கிட்டில் இருப்பது எனாமல் என்ற எண்ணெய் பெயின்ட், அது அசையாது. காரமான அடுப்பு சுத்திகரிப்பான் நுரையைச் சிலர் சொல்வார்கள், வேலை செய்யும், கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து. நான் நின்றுவிட்டது நம் வீட்டில் காயத்துக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றுவோமே, பைன் எண்ணெய் வாசனை அடிக்கும் அந்த மஞ்சள் கிருமிநாசினியில்தான். தண்ணீர் கலக்காமல் ஊற்றி, மூடி வைத்து, ஒரு நாள் முழுக்க ஊறவிட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பெயின்ட் தோல் தோலாக உரியும். என் தப்பு என்னவென்றால், பாதி உரிந்ததும் குழாயைத் திறந்து கழுவினேன். தண்ணீர் பட்ட நொடியில் எல்லாம் பால் வெள்ளையாகி, மிச்சமிருந்த பெயின்ட் பலாப்பழப் பிசின் மாதிரி ஆகிவிட்டது. விமானத்தில், கையில், பல் துலக்கியில், தொட்டியில் எல்லாம் அப்பிக்கொண்டது. கடைசித் துளி பெயின்ட் போகும்வரை அதே திரவத்தில்தான் அலச வேண்டும், தண்ணீர் அதற்கு அப்புறம். இன்னொன்று, அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், நனைத்துத் தேயுங்கள்.

பெயின்ட் போன பிறகுதான் கிட்டின் நிஜ முகம் தெரியும். பழைய ஏர்ஃபிக்ஸ் என்றால் ரிவெட், தகடுகளை இணைக்கும் ஆணித் தலை. இறக்கை முழுக்கக் கொசுக்கடி போலப் புடைத்திருக்கும். ஒன்றின் உயரம் 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 72ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வரும். சுண்டைக்காய் சைஸ் ஆணிகளோடு எந்தப் போர் விமானமும் பறக்கவில்லை. அதனால் முதல் மூன்று விமானங்களை உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, ஊசியால் புதிய கோடு கீறி, இணைப்புகளுக்குப் பட்டி பார்த்து, டிங்கரிங் கடையிலிருந்து வந்த கார் மாதிரி பளபளவென்று நிறுத்தினேன். மூன்றும் அலமாரியில் இருக்கின்றன. நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வேறு எந்தக் கம்பெனி கிட்டாகவும் அவை இருக்கலாம். அன்றிலிருந்து ரிவெட்டைத் தொடுவதில்லை. அளவு சுத்தமாக இருக்கும் விமானம் வேண்டும் என்றால் இன்றைய புதிய அச்சில் வாங்கிக்கொள்ளலாம். பழையதைப் புதியதாக்க ஆறு மாதம் உட்காருவது, பாட்டியின் காசுமாலையை உருக்கிச் செயின் செய்வது போல.

பட்டி விஷயத்தில் ஒரு சிக்கனம். குழாயில் வரும் பட்டி வாங்குவதைவிட, உதிரிப் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி மெல்லிய பசைப் புட்டியில் போட்டு ஊறவையுங்கள். இரண்டு நாளில் தேன் பதத்துக்கு வரும். அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்ததும் தேய்க்கும்போது விளிம்பு பெயர்வதில்லை. காய ஒரு வாரம் விட வேண்டும். நான் மூன்றாம் நாளே தேய்த்துக் குழி விழுந்த இறக்கை ஒன்று இருக்கிறது. அதே சட்டத்தை மெழுகுவர்த்திக்கு மேல் காட்டி, வளைந்து தொங்கும் சமயத்தில் இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி போன்ற கம்பி கிடைக்கும். ஏரியல் கம்பிக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

விமானி உட்காரும் இடத்தை மூடும் கண்ணாடிக் கூண்டுகள்தான் உயிரை வாங்கும். கூண்டு உடைந்திருந்தால் வேறு தேட வேண்டும், கீறல் என்றால் மீட்கலாம். 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு 4000, கடைசியில் பருத்தித் துணியில் பற்பசை. நடுவில் ஒரு கட்டத்தில் கூண்டு முழுக்கப் புகை மூட்டமாகி, கெடுத்துவிட்டோம் என்று வயிற்றைக் கலக்கும். விடாமல் தேய்த்தால் தெளியும். புதிய கண்ணாடிக்கு அருகில் சூப்பர் க்ளூ மட்டும் போகக் கூடாது, அதன் ஆவியே வெள்ளையாகப் படிந்துவிடும்.

விமானத்தில் ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளும் இருக்கும் டெக்கால் தாள் மஞ்சள் பூத்திருந்தால், அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தால் வெளுக்கும். எங்கள் ஊர் சூலூர் வெயிலாக இருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு கோடைகாலமே பிடித்தது. வெளுத்தாலும் தண்ணீரில் போட்டவுடன் அப்பளம் போல நொறுங்கும் ஆபத்து உண்டு. முதலில் ஓரத்து உதவாத துண்டு ஒன்றைச் சோதியுங்கள். நொறுங்கினால் முழுத் தாளுக்கும் கிளியர் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, ஒவ்வொன்றாக விளிம்பை ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும்.

கைவிட்டது ஒன்றுண்டு, கார். பழைய கார் கிட்டுகளின் வினைல் டயரில் இருக்கும் இளக்கி எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். எனக்குக் கிடைத்த காரில் சக்கரம் டயரோடு கரைந்து மிட்டாய் போல ஒட்டிக் கிடந்தது. பெட்டி திறக்காத பழைய கார் கிட் என்று இணையத்தில் ஒருவர் பெருமையாக விற்றதுதான் அது. திறக்காமலே உள்ளே இது நடந்திருக்கிறது.

செலவு என்று பார்த்தால், சாரிட்டி கடையில் ஒட்டி உடைந்த விமானத்துக்கு நான் ஐந்து பவுண்டுக்கு மேல் கொடுத்ததில்லை. பெயின்டும் தூரிகையும்தான் பணத்தைத் தின்னும். காற்றால் பெயின்ட் பீய்ச்சும் ஏர்பிரஷ் வாங்கினேன், நன்றாகவே அடிக்கிறது, ஆனால் பத்து நிமிடம் அடித்துவிட்டு அரை மணி நேரம் கழுவ வேண்டியிருக்கிறது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து அதைக் கழற்றி மாட்ட எனக்குத் தெம்பில்லை. இப்போது முக்கால்வாசித் தூரிகைதான்.

இனி அந்த ஏழாவது விமானம். போல்டன் பால் டிஃபையன்ட், இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம். நான் வாங்கியபோது அதன் பெயர்கூடத் தெரியாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டு, அதில் நான்கு துப்பாக்கி, முன்பக்கம் சுட ஒன்றுமே இல்லை. தேடிப் பார்த்தால், அதைக் கட்டிய தொழிற்சாலை இதே வுல்வர்ஹாம்ப்டனில் பெண்ட்ஃபோர்டில் இருந்திருக்கிறது. பிரான்ஸ் கடற்கரையில் டன்கர்க்கில் 1940 மே 29 அன்று ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக, டிஃபையன்ட் ஓட்டிய பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் படைப்பிரிவு கணக்குக் காட்டியது, நிஜ எண்ணிக்கை அதைவிட மிகவும் குறைவு. பின்பக்கம்தான் துப்பாக்கி என்று ஜெர்மானியர்கள் தெரிந்துகொண்டு முன்னாலிருந்தும் அடியிலிருந்தும் வந்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் டிஃபையன்ட்டைப் பகல் சண்டையிலிருந்து எடுத்து, கறுப்படித்து, ராத்திரி வேலைக்குப் போட்டுவிட்டார்கள். நானும் அப்படித்தானே என்று ஒரு பாசம் வந்துவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தது, அந்த 264ஆம் படைப்பிரிவின் முழுப் பெயரில் 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்று சேர்ந்திருக்கிறது. நம் மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்காகக் கொடுத்த பெயர். யார் விரும்பிக் கொடுத்தார்கள், யாரிடம் வாங்கினார்கள் என்பது வேறு கதை. அந்தப் படைப்பிரிவில் ஹியூஸ் என்ற விமானி ஓட்ட, காஷ் என்ற துப்பாக்கி வீரர் பின்கூண்டில் உட்கார்ந்து ராத்திரியில் பறந்த விமானம் ஒன்று. எண் என்1801, குறியீடு பிஎஸ்-பி. அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயர் 'கோயம்புத்தூர் இரண்டு'. நான் கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் சூலூர்க்காரன். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃபோன் திரையில் அந்த விமானத்தின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மனைவியை எழுப்பினேன். காலையில் சொல்லியிருக்கலாம் என்றாள்.

அதனால் இந்த ஒன்றை மட்டும் அவசரப்படாமல் செய்கிறேன். 2015இல் ஏர்ஃபிக்ஸே புதிய அச்சில் டிஃபையன்ட் கொண்டுவந்தது, இதைவிட எல்லா விதத்திலும் நல்ல கிட். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. பழையதில் சுழல்கூண்டுக்குக் கண்ணாடி இல்லாமல் கிடந்தது. கூண்டு அளவுக்கு மரக்கட்டை செதுக்கி, பால் டப்பா மூடியின் தெளிவான பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அதன்மேல் அழுத்தி எடுத்தேன். ஆறாவது முயற்சியில் வந்தது. இடது இறக்கையின் அடியில் ஒரு பெருவிரல் ரேகை, பசை விரலோடு அழுத்தியதில் பிளாஸ்டிக்கிலேயே பதிந்துபோனது. சின்ன விரல், பத்து வயது இருக்கலாம். பட்டி வைத்து மூடினேன், மறுநாள் சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது மேட் கறுப்புக்கு அடியில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.

பாக்கி அந்தப் பெயர்தான். இங்கிலீஷில் பத்து எழுத்து, பிறகு இரண்டு கோடு, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வீட்டு பிரிண்டரில் வெளிர் எழுத்தைக் கறுப்பின் மேல் தெரியும்படி அச்சடிக்க முடியாது. எனவே முடியிலும் மெல்லிய தூரிகை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. இன்றைக்கு ஆறாவது முடிந்தது. நாலாவது எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது, நாளைக்குத் துடைத்துத் திரும்ப எழுத வேண்டும்.