பழைய ஸ்பீக்கரைப் புதிய டிவியோடு இணைக்கப் போகிறீர்களா? என் 7,400 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

மதுரையில் பழைய ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்கள், அதைப் புது டிவியோடு இணைத்துத் தரச் சொல்லி எந்த சர்வீஸ் கடைக்கும் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் 7,400 ரூபாயை வாங்கிக்கொண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்யாமல், என் அப்பாவின் ஸ்பீக்கரில் இருந்த அசல் வூஃபரையும் (கனத்த ஒலியைத் தருகிற பெரிய வட்டப் பகுதி) கழற்றி எடுத்துக்கொண்டான் ஒரு கடைக்காரன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டு, கூடவே ஆடியோ சர்வீஸும் செய்கிற கடை. அவ்வளவு தெரிந்தால் போதும்.

அப்பாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. புது டிவியில் படம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் பேசுவது அவருக்குப் புரிவதில்லை. மெலிதான டிவிக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு எங்கே இடம்? கீழே பார்த்தோ பின்னால் சுவரைப் பார்த்தோ ஒன்றை வைத்துவிடுகிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது. வீட்டிலோ 1991-இல் அப்பா மில் போனஸில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. டிவியின் பின்னால், டிஜிட்டல் ஒலியை வெளிச்சமாக அனுப்புகிற ஆப்டிகல் துளையும், ஒலியை வெளியே அனுப்பவும் உதவுகிற எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையும்தான் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபையரில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு அனலாக் துளைகள். டிவி தருகிற டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றித் தர நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற பொருள் என்று இப்போது தெரிகிறது. அதற்குத்தான் 7,400 ரூபாய்.

முதல் நாள் அந்த ஆள் நடந்துகொண்டதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றினான். ஐந்து விரல்களையும் விரித்து, காகிதக் கோனைச் சுற்றிலும் சமமாக வைத்து மெதுவாக அழுத்திவிட்டுக் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டான். "உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், அந்தக் காயில், எங்கேயும் உரசவில்லை அக்கா" என்றான். பிறகு ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து வயர் முனைகளில் தொட்டு, கோன் முன்னால் எழும்புவதை எனக்குக் காட்டினான். "இந்த மாதிரிக் கோன் இப்போது வருவதில்லை. அப்பா தங்கமாக வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்" என்றான். தொழில் தெரிந்தவன், பொருளின் அருமை தெரிந்தவன் என்று மனதாரச் சந்தோஷப்பட்டேன். அந்த அருமை தெரிந்ததால்தான் கை வைத்திருக்கிறான்!

டிஜிட்டல் போர்டுக்கு 4,900, ஸ்பீக்கர் சர்வீசுக்கு 2,500, மொத்தம் 7,400 ரூபாய் என்றான். ஆம்ப்ளிஃபையருக்கு உள்ளேயே போர்டைப் பொருத்திவிடுவானாம், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்றான். சரக்கு சென்னையிலிருந்து வர வேண்டும் என்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டான். யுபிஐ-யில் அனுப்பினேன்.

அதன் பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது, மைக் செட் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றான். சரி, மதுரையில் இருந்துகொண்டு இதைக்கூடப் புரிந்துகொள்ளாவிட்டால் எப்படி என்று பொறுத்தேன். அழகர் ஆற்றில் இறங்கட்டும் என்றான். அழகர் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார். அடுத்து, வேலை பார்க்கிற பையன் ஊருக்குப் போயிருக்கிறான் என்றான். ஒருவழியாகப் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன.

செட்டாப் பாக்ஸில் செய்தி ஓடியது, சத்தம் வந்தது. ஆப்பில் ஒரு படத்தைப் போட்டதும் ஒரே மௌனம், நடுநடுவே கரகரப்பு. ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் டிவித் திரையில் எண் ஏறுகிறதே தவிர ஸ்பீக்கரில் ஒன்றும் மாறவில்லை. அப்பாதான் முதலில் சொன்னார்: "இடப் பக்கம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதே அம்மா."

போன் செய்தேன். டிவிதான் கோளாறு, கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள் என்றான். அவரும் வந்து பார்த்தார். ஆப்டிகல் வயரின் முனையில் சிவப்பு வெளிச்சம் வருவதைக் காட்டி, டிவியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "உங்களுடையது டால்பி டிவி அக்கா, அதற்கு வேறு போர்டு, இன்னும் மூவாயிரம் ஆகும்." 7,400 ரூபாய் கொடுத்தவளிடம் இன்னும் மூவாயிரம் கேட்கிறான்! அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் படிக்கிறான், பதில் இல்லை.

எங்கள் தெருவில் வானொலி பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அவர் வந்து ஆம்ப்ளிஃபையரைத் திறந்ததும், "பிளக்கைப் பிடுங்கம்மா" என்று சத்தம் போட்டார். கடையில் விற்கிற சாதாரண ஆப்டிகல் கன்வெர்ட்டரின் கூட்டை உடைத்து, உள்ளிருந்த போர்டைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறான். அதற்கு மின்சாரம் தருவதற்கு ஒரு போன் சார்ஜரைப் பிரித்து உள்ளே திணித்திருக்கிறான். 230 வோல்ட் ஓடுகிற முனை, ஒரு டேப் கூடச் சுற்றாமல், ஆம்ப்ளிஃபையரின் இரும்புத் தகட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. அந்த ஆம்ப்ளிஃபையரின் குமிழைத்தான் அப்பா தினமும் கையால் திருகுகிறார். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சார்ஜரை எடுத்துவிட்டு, போர்டை வெளியே கொண்டுவந்து தனி அடாப்டரில் இயக்கிப் பார்த்தார். பிறகு டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஒலி வெளியீடு 'ஆட்டோ' என்று இருந்ததை 'பிசிஎம்' என்று மாற்றினார். படத்தின் சத்தம் உடனே வந்தது! ஆப்பில் வருகிற படங்கள் டால்பி என்கிற சுருக்கிய ஒலி வடிவத்தில் வந்தால் இந்த மலிவு போர்டுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று வைத்தால் டிவியே பிரித்து இரண்டு சேனலாகக் கொடுத்துவிடும். இதற்கா இன்னும் மூவாயிரம்? ரிமோட் விஷயமும் பொய்தான். பெரும்பாலான டிவிகளில் ஆப்டிகல் வழியாகப் போகிற ஒலியின் அளவு மாறவே மாறாது.

கடைசியாக இடப் பக்க ஸ்பீக்கரின் துணியைக் கழற்றினோம். என் தம்பி சிறுவனாக இருந்தபோது கோனின் நடுக் குமிழை விரலால் அமுக்கிவிட்டான், அந்தக் குழி இத்தனை வருடமாக அப்படியே இருந்தது. இப்போது குழியைக் காணோம். மழமழவென்று புதுக் குமிழ், பளபளக்கிற புதுத் திருகாணிகள். வூஃபரை வெளியே எடுத்தால் பின்னால் இருக்கிற காந்தம் பழையதில் பாதிகூட இல்லை.

நேரில் போய்க் கேட்டேன். "வந்தபோதே அப்படித்தான் இருந்தது. பில் இருக்கிறதா?" என்கிறான். அவன் கொடுத்த துண்டுச் சீட்டில் 'ஆடியோ வேலை 7,400' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை, கடை முத்திரைகூட இல்லை. பில்லைக் கொடுக்காதவன் பில் எங்கே என்று கேட்கிறான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் என்னிடம் இருக்கின்றன.

இணைக்கிற முறையை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிவியில் ஹெட்போன் துளை இருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம், அதிலிருந்து சிவப்பு வெள்ளைக்குப் போகிற ஒரு வயர் போதும், ரிமோட்டும் பெரும்பாலும் வேலை செய்யும். ஆம்ப்ளிஃபையரில் 'ஃபோனோ' என்று எழுதிய துளையில் செருகாதீர்கள், அது இசைத்தட்டுக்கு உரியது, குரல் உடைந்து வரும். 'ஆக்ஸ்' அல்லது 'டேப்' துளையில் செருகுங்கள். ஆம்ப்ளிஃபையரைத் திறந்து உள்ளே எதையும் வைக்க யாரையும் விடாதீர்கள். ஸ்பீக்கரைக் கடையில் விடவே வேண்டாம், விட்டே தீர வேண்டும் என்றால் கோன், காந்தம் எல்லாவற்றையும் கடைக்காரன் கண் முன்னாலேயே படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் வேண்டாம்.

மைக் செட் வைத்திருக்கிற கடையில் ஸ்பீக்கரை சர்வீசுக்குக் கொடுத்து, திரும்பி வந்ததும் ஒரு பக்கம் சத்தம் மாறியிருப்பதாக மதுரைக்காரர்கள் யாருக்காவது தோன்றினால், இன்றே துணியைக் கழற்றிப் பாருங்கள். மாற்றியிருந்தால் சீட்டின் படத்தோடு எனக்கு எழுதுங்கள். அதே கடை என்றால் புகாரில் சேர்த்துவிடுகிறேன்.