பாவித்த ரியர் புரொஜெக்‌ஷன் டிவி: மலைநாட்டில் வாங்கலாமா?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் உள்ளிருந்து திரையின் பின்புறத்தில் படத்தை வீழ்த்தும் இப்படியொரு டிவி மலிவாகக் கிடைத்தால் முதலில் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 110 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட் கரண்டுக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படக்குழாய்கள் உள்ள வகையென்றால் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்து நின்று, மெனுவில் சரிசெய்தும் அசையாவிட்டால் பெரும்பாலும் மூன்று நிறங்களையும் ஒன்றாகப் பொருத்தும் கன்வர்ஜென்ஸ் ஐசி போயிருக்கும். அதையாவது மாற்றலாம். குழாய் முன்னாலுள்ள குளிர்திரவம் கசிந்து போர்டில் வடிந்திருந்தால் தொடவே வேண்டாம்.

குழாய்க்குப் பதில் லாம்பும் சிப்பும் உள்ள டிஎல்பி வகையில் திரையெங்கும் வெள்ளைப் புள்ளியா? லாம்பு மாற்றிப் பயனில்லை, சிப்பிலுள்ள பொடிக் கண்ணாடிகள் சிக்கிவிட்டன.

நம் ஊர் ஈரத்தில் உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடியிலும் பூஞ்சணம் பிடிக்கும். அதன் பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால் அழுத்தித் துடைத்தால் கீறிவிடும். பார்ப்பவர் எழுந்து நின்றால் படம் இருளும். அது பழுதல்ல, இந்த வகையின் குணம். அதனால் நெருங்கி நின்றும் இருந்தும் பார்க்கும் சின்ன லயத்து அறைக்கு இந்த டிவி சரிவராது.