லானோலின் களிம்பு: காம்புப் புண்ணுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

பாலூட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் காம்பு எரிந்து வெடிக்கும்போது பலரும் முதலில் வாங்குவது லானோலின் களிம்பைத்தான். லான்சினோ, மெடெலாவின் பியூர்லான் என்ற இரண்டு பிராண்டுகளிலும் இருப்பது சுத்திகரித்த லானோலின் ஒன்றே. எங்கள் கணிப்பு: எரிச்சலைத் தணிக்க நல்ல பொருள், வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் குழந்தை காம்பை நசுக்கிக்கொண்டே இருந்தால், எத்தனை குழாய் தீர்ந்தாலும் புண் ஆறாது.

லானோலின் என்பது செம்மறி ஆட்டு உரோமத்தில் படிந்திருக்கும் மெழுகு. கம்பளியைக் கழுவும்போது பிரிந்து வருவதைப் பூச்சிமருந்து எச்சமும் ஒவ்வாமை தரும் கூறுகளும் பெருமளவு நீங்கும்வரை சுத்திகரிக்கிறார்கள். இதில் நீர் இல்லாததால் கெடாமல் வைக்கும் ரசாயனம் தேவைப்படுவதில்லை. பால் கொடுக்கும் முன் துடைத்தெடுக்க வேண்டியதும் இல்லை. இது மருந்தல்ல. தோலின் ஈரம் வெளியேறாதபடி மேலே படலமாக நிற்கிறது, அவ்வளவுதான். அந்த ஈரம் முக்கியம். காய்ந்து பொருக்குத் தட்டும் காயத்தைவிட ஈரம் காக்கப்பட்ட காயத்தில் புதுத் தோல் விரைவாகப் படர்கிறது என்று 1962-லேயே ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வு காட்டியது. காம்பில் பொருக்குத் தட்டினால் அடுத்த முறை குழந்தை உறிஞ்சும்போது அது பிய்ந்து, புண் மறுபடி புதிதாகிறது. ஹேர் டிரையர் காட்டிக் காயவைக்கும் பழைய யோசனையை நாங்கள் ஏற்காதது இதனால்தான்.

குழாயிலிருந்து வரும்போது களிம்பு இறுகலாக, பிசுபிசுப்பாக இருக்கும். அதை அப்படியே காம்பில் தேய்த்தால் இழுபடும் களிம்பு வெடிப்பையும் சேர்த்து இழுக்கும். கையைக் கழுவிவிட்டு, பட்டாணி அளவு எடுத்து இரு விரல்களுக்கு நடுவே சில நொடிகள் வைத்திருங்கள். உடல் சூட்டில் இளகிவிடும். பிறகு தேய்க்காமல் மெல்ல ஒற்றிப் பூசுங்கள். பால் கொடுத்து முடித்ததும் பூச வேண்டும். கொடுக்கப்போகும் நேரத்தில் அல்ல. தடித்த படலம் இருந்தால் குழந்தையின் வாய் வழுக்கிக் காம்பின் நுனிக்கு வந்துவிடும். பெரும்பாலான புண்களுக்குக் காரணமே அந்த நுனிப் பிடிப்புதான். களிம்பு அதிகமாகத் தெரிந்தால் மென்மையான துணியால் ஒற்றியெடுத்தால் போதும், சோப்பு வேண்டாம். காம்பைச் சுற்றிய கருவட்டத்திலுள்ள சிறு புடைப்புகள் சுரக்கும் பாதுகாப்பு எண்ணெயைச் சோப்பு அகற்றிவிடும்.

குறைகளும் உண்டு. துணியில் எண்ணெய்க் கறை விடும்; சிலருக்கு லேசான ஆட்டு வாடை பிடிக்காது. ஒவ்வாமை அதைவிடக் கவனிக்க வேண்டியது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2023-க்கான 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக' லானோலினைத் தேர்ந்தெடுத்தது. சுத்திகரித்த வகையில் அந்த அபாயம் குறைவுதான், ஆனாலும் இல்லாமல் போகவில்லை. தோல் அழற்சி உள்ளவர்கள் முன்கையின் உட்புறம் சிறிது பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பூசிய இடம் முழுவதும் சிவந்து அரித்தால் உடனே நிறுத்துங்கள்.

ஆய்வுகள் சொல்வதையும் மறைக்க வேண்டியதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 656 பெண்கள் பங்கேற்ற நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எதுவும் பூசாமல் விடுவதோ, கறந்த தாய்ப்பாலைத் தடவுவதோ லானோலினுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கக்கூடும் என்றது. எந்தச் சிகிச்சையானாலும் பெரும்பாலோருக்கு வலி 7 முதல் 10 நாளில் லேசாகிவிடுகிறது என்றும் குறிப்பிட்டது. ஆகவே களிம்பு கைவசம் இல்லையே என்று யாரும் கலங்க வேண்டாம். கடைசித் துளிப் பாலைத் தடவி உலரவிடுவதும் சரியான வழியே. உள்ளாடை உரசும் இடத்தில் ஒரு வழுவழுப்பும், கொஞ்சம் நிம்மதியும் வேண்டுமென்றால் அங்கே களிம்பு உதவும்.

இதற்கு மாற்றாக விற்கும் ஹைட்ரோஜெல் பட்டைகள் (காம்பின் மேல் வைக்கும் நீர்த்தன்மையுள்ள ஜெல் பட்டைகள்) குளிர்ச்சியாக இருப்பதால், தொட்டாலே துள்ளவைக்கும் புண்ணுக்கு உடனே இதம் தரும். களிம்போடு சேர்த்துப் போடக் கூடாது. ஜெல் ஒட்டாமல் நழுவும். உறையில் சொன்ன நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. சீழோ வேறு தொற்றின் அறிகுறியோ இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். பால் கொடுத்ததும் காம்பு வெளுத்து, பிறகு நீலமாகவோ சிவப்பாகவோ மாறிக் குத்துகிறதா? அது இரத்தக்குழாய் சுருக்கம். குளிர்ச்சி அதைக் கூட்டும். உலர்ந்த வெதுவெதுப்பான துணி வைப்பதே அங்கே பொருந்தும்.

காம்பின் மேல் கவிழ்த்து வைக்கும் வெள்ளிக் கிண்ணங்களை நாங்கள் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. துணி உரசாமல் காப்பது உண்மை. ஆனால் உள்ளே பால் தேங்கி, மணிக்கணக்கில் கழற்றாமல் விட்டால் தோல் ஊறி வெளுத்து இன்னும் எளிதில் கிழியும்.

எதைப் பூசினாலும் வாய் பொருந்தும் விதத்தைச் சரிசெய்யாமல் தீராது. குழந்தையின் வயிறு உங்கள் உடலோடு ஒட்டியிருக்க, மூக்குக்கு நேரே காம்பு வரட்டும். வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, தாடை முதலில் மார்பில் பதியுமாறு குழந்தையை உங்களிடம் அணையுங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள். கருவட்டத்தின் மேற்பகுதியைவிடக் கீழ்ப்பகுதி அதிகமாக வாய்க்குள் போக வேண்டும். முதல் அரை நிமிட வலி ஆரம்ப நாட்களில் வரக்கூடியது. அது தொடர்ந்தால் வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்து, மறுபடி பொருத்துங்கள். குடித்து முடித்த காம்பு உருண்டையாக இருந்தால் சரி. புது லிப்ஸ்டிக் முனைபோல் சரிந்து நசுங்கியிருந்தால் பிடிப்பு ஆழமில்லை. நிலையை மாற்றியும் அப்படியே இருந்தால் குழந்தையின் நாக்கடிச் சவ்வைப் பாலூட்டல் ஆலோசகரிடம் காட்டுங்கள்.

வாங்கும்போது உறையைப் படியுங்கள். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் உள்ள எதுவும் வேண்டாம். குழந்தையின் இரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கும் திறனை அது குலைக்கக்கூடும். குளோர்பெனிசின், பினாக்ஸியெத்தனால் என்ற ரசாயனங்கள் கலந்த ஒரு காம்புக் களிம்பைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் எச்சரித்தது. தேன் தடவவே கூடாது: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை அது கொடுக்கலாம்.

சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், மார்பில் சிவந்து சூடான திட்டு, பால் கொடுக்காத நேரத்திலும் ஓயாத எரிச்சல் என எது வந்தாலும் களிம்பை நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

வலி தாங்காமல் ஒரு பக்கத்துக்கு ஓய்வு தருவதானால், குழந்தை குடிக்கும் தடவைகளுக்கு ஈடாக அந்தப் பக்கத்தைக் கறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பால் கட்டும். பம்ப் என்றால் மார்பில் பொருத்தும் புனலின் அளவைப் பாருங்கள். பெட்டியோடு வரும் 24 மி.மீ. புனல் எல்லோருக்கும் பொருந்தாது. காம்பு குழாயின் சுவரில் உரசினால் புனல் சிறிது. கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரிது. சரியான அளவு கிடைத்த பிறகும் உரசல் தெரிந்தால், புனலின் உள்விளிம்பில் அதே லானோலினைக் கடுகளவு தடவிக்கொள்ளலாம்.